எல்லாவற்றையும் நான்தான் ஞாபகம் வைத்திருக்க வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 38, வேலைக்குப் போகிறேன். மகளுக்கு 11 வயது, மகனுக்கு 7. காலை 6 மணிக்கு அவர்களை எழுப்ப ஆரம்பித்தால் 7.40க்கு வேன் வரும்வரை என் குரல் ஓயாது. ஷூ எங்கே, டைரியில் கையெழுத்து வாங்கினாயா, தண்ணீர் பாட்டிலை எடுத்தாயா என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். இத்தனை சொல்லியும் வாரம் ஒருமுறையாவது மகள் பள்ளி அலுவலகத்திலிருந்து போன் செய்து, "நோட்டை மறந்துட்டேம்மா, கொண்டு வா" என்கிறாள். நானும் அனுமதி கேட்டுக்கொண்டு ஓடுகிறேன். சாயங்காலம் வந்தால் வீட்டுப்பாடம். பக்கத்தில் நான் உட்காராவிட்டால் மகன் ஒரு வரி எழுத மாட்டான். அதற்கே இரண்டு மணி நேரம் போய்விடுகிறது. எல்லாம் முடிந்து படுக்க இரவு 10.30 ஆகும். கணவர் நல்லவர்தான். "என்ன செய்யணும்னு சொல்லு, செய்றேன்" என்பார். சொல்வதற்குள் நானே செய்துவிடலாம் போலிருக்கும். போன வாரம் மகன் பள்ளியில் 'என் அம்மா' என்ற தலைப்பில் ஐந்து வரி எழுதியிருந்தான். அதில் ஒரு வரி: "என் அம்மாவுக்கு மிகவும் பிடித்த வார்த்தை சீக்கிரம்." ஆசிரியை சிரித்துக்கொண்டே காட்டினார். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அன்று இரவு அவன் தூங்கும் முகத்தைப் பார்த்து அழுதேன், மன்னிப்பும் கேட்டேன். மறுநாள் காலை 6.20க்கு மறுபடியும் கத்தினேன். சொன்னதைச் செய்தால் நட்சத்திரம் ஒட்டும் நட்சத்திர அட்டை வைத்துப் பார்த்தேன், பத்து நாள் பலித்தது. மகளைக் காலை 5 மணிக்கு எழுப்பிப் படிக்கவைத்தால் சாயங்காலச் சுமை குறையுமா? நான் எங்கே தவறுகிறேன்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் மகனைப் பாராட்டிவிடுகிறேன். ஏழு வயதில் ஒரே வரியில் ஒரு வீட்டின் காலை நேரத்தையே எழுதிவிட்டான். அந்த வரியை நீங்கள் குற்றப்பத்திரிகையாக எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அம்மாவைப் பற்றிப் புகார் சொல்ல நினைக்கும் பிள்ளை 'பிடித்த வார்த்தை' என்று எழுதமாட்டான். நீங்கள் ஓயாமல் சொல்வதால் அது உங்களுக்குப் பிடித்த வார்த்தையாகத்தான் இருக்க வேண்டும் என்று அவன் நினைத்துக்கொண்டான். உங்கள் வேலைக்கு நேரம் ஆகிறது, வேன் நிற்காது என்பதெல்லாம் அவன் தலையில் இன்னும் ஏறவே இல்லை. பிரச்சினையின் ஒரு நுனி இங்கேதான் இருக்கிறது.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, அதில் வரும் ஞாபகங்களைத் தனியாக ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். ஷூ, டைரி, கையெழுத்து, பாட்டில், நோட்டு, வேன் நேரம், வீட்டுப்பாடம், கணவருக்கு வேலை சொல்வது, அட்டையில் நட்சத்திரம் ஒட்டுவது. நான்கு பேர் வாழும் வீடு, நினைவு மட்டும் ஒருவர் தலையில். நீங்கள் எங்கே தவறுகிறீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். வேலைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டீர்கள். அவற்றை ஞாபகம் வைத்திருக்கும் பொறுப்பை மட்டும் கொடுக்கவில்லை. ஷூவை மாட்டிக்கொள்வது அவன் கால்தான். ஆனால் ஷூ மாட்டும் நேரம் வந்துவிட்டது என்பது உங்கள் தலைக்குள்தான் இருக்கிறது. அதனால்தான் குரல் ஓயவில்லை.

அதற்குள் போகும் முன் ஒரு சின்னக் கணக்கு. அதைச் சரிசெய்யாமல் மற்றதைப் பேசிப் பயனில்லை.

இரவு 10.30க்குப் படுத்துக் காலை 6 மணிக்கு எழுந்தால் ஏழரை மணி நேரம். 6 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஒரு நாளில் 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் பரிந்துரைத்தது. குறைந்தபட்சமான 9 மணி நேரத்தையே எடுத்துக்கொண்டாலும் தினமும் ஒன்றரை மணி நேரம் குறைகிறது. ஐந்து பள்ளி நாட்களில் அது ஏழரை மணி நேரம். வாரத்தில் ஒரு இரவு முழுக்கத் தூங்காத பிள்ளைகளைத்தான் நீங்கள் அந்த வாரக் கடைசியில் எழுப்பிக்கொண்டிருக்கிறீர்கள்.

தூக்கம் போதாத பெரியவர் சோர்ந்து உட்கார்ந்துவிடுவார். பிள்ளைகள் பெரும்பாலும் அப்படி இல்லை. துள்ளுவார்கள், எரிந்து விழுவார்கள், பென்சில் முனை உடைந்ததற்கெல்லாம் அழுவார்கள், சொன்னது காதில் விழாத மாதிரி இருப்பார்கள். பார்ப்பவர்களுக்குப் பிடிவாதம் மாதிரி தெரியும். என்னிடம் 'சொன்ன பேச்சு கேட்பதில்லை' என்று அழைத்துவரப்படும் பிள்ளைகளின் பெற்றோரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, எத்தனை மணிக்குப் படுக்கிறார்கள் என்பதுதான். சில பெற்றோருக்கு ஏமாற்றமாக இருக்கும். ஆழமாக ஏதாவது கேட்பேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பார்கள்.

10.30ஐ ஒரே நாளில் 9 மணியாக்கப் பார்க்காதீர்கள். இருட்டில் விழித்துக்கொண்டு கிடப்பார்கள், உங்களுக்குக் கோபம் வரும். மூன்று நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னால் கொண்டுவாருங்கள். மூன்று வாரத்துக்குள் ஒன்றரை மணி நேரம் நகர்ந்துவிடும். விடுமுறை நாளிலும் எழும் நேரம் மிகவும் தள்ளிப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். படுக்கும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு போன், டிவி எல்லாம் அணைய வேண்டும், உங்களுடையதும் சேர்த்து. (இதை எழுதும் எனக்கே இந்தக் கடைசிப் பகுதி எளிதாக வருவதில்லை.)

"வீட்டுப்பாடம் முடியாமல் எப்படி 9 மணிக்குப் படுப்பது?" என்று கேட்பீர்கள். சரி, வீட்டுப்பாடத்துக்கு வருவோம். உங்கள் வீட்டில் தூக்கத்தைத் தின்பது அதுதான்.

வீட்டுப்பாடம் பற்றி நீண்ட காலம் ஆராய்ந்தவர் ஹாரிஸ் கூப்பர் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியர். அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் அவரும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரையில், வீட்டுப்பாடத்துக்கும் படிப்பில் தேர்ச்சிக்கும் உள்ள தொடர்பு மேல்வகுப்புகளில் தெளிவாகவும் தொடக்க வகுப்புகளில் பலவீனமாகவும் இருந்தது. வகுப்புக்குப் 10 நிமிடம் என்று அவர் பரப்பிய ஒரு கணக்கும் உண்டு. முதல் வகுப்புக்குப் 10 நிமிடம், இரண்டாம் வகுப்புக்கு 20, ஆறாம் வகுப்புக்கு ஒரு மணி நேரம். ஏழு வயதுப் பிள்ளை இரண்டு மணி நேரம் உட்கார்கிறான் என்றால் அந்தக் கணக்குப்படி அது வேறொரு வகுப்புப் பிள்ளையின் வேலை.

அந்த இரண்டு மணி நேரத்தில் எவ்வளவு நேரம் அவன் உண்மையிலேயே எழுதுகிறான் என்று ஒரு நாள் மட்டும் கடிகாரம் வைத்துப் பாருங்கள். அனேகமாக 25 நிமிடம்கூட இருக்காது. மிச்சமெல்லாம் ரப்பரைத் தேடுவது, தண்ணீர் குடிக்கப் போவது, நாற்காலியிலிருந்து நழுவுவது, நீங்கள் "எழுது" என்பது, அவன் உங்கள் முகத்தைப் பார்ப்பது. அந்தக் கடைசியைக் கவனியுங்கள். ஒவ்வொரு எழுத்துக்குப் பிறகும் நிமிர்ந்து உங்களைப் பார்க்கிறானா? அப்படியென்றால் சரியா தப்பா என்று முடிவுசெய்யும் வேலையையும் உங்கள் முகத்திடம் ஒப்படைத்துவிட்டான். நீங்கள் எழுந்துபோனால் அவனால் எழுத முடியாததற்கு அதுவே காரணம். சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடாதீர்கள்.

டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் என்ற மூவர் 1976இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு மரக்கட்டைகளை அடுக்கிப் பிரமிடு கட்டச் சொல்லித்தரும்போது பெரியவர் என்ன செய்கிறார் என்பதைக் கவனித்து எழுதியது அது. அந்த உதவிக்கு அவர்கள் வைத்த பெயர் கட்டடத்துக்குக் கட்டும் சாரம். வேலை நடக்கும்போது சாரம் வேண்டும், சுவர் நிற்க ஆரம்பித்ததும் பிரித்துவிட வேண்டும். பிள்ளை தடுமாறினால் ஒரு படி கூடுதலாக உதவுவது, செய்துவிட்டால் ஒரு படி பின்வாங்குவது. நாம் பெரும்பாலும் முதல் பாதியை நன்றாகச் செய்கிறோம். பின்வாங்க மறந்துவிடுகிறோம்.

உங்கள் வீட்டில் அதை இப்படிச் செய்து பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் ஆரம்பிக்காதீர்கள். பள்ளியில் நாள் முழுக்கக் கட்டுப்பட்டு உட்கார்ந்துவிட்டு வரும் பிள்ளை, கட்டை அவிழ்க்கும் இடம் வீடுதான்; அதிலும் குறிப்பாக அம்மா. வாசலில் ஷூவை உதறும்போதே சண்டைக்கு வருவது அதனால்தான். வயிற்றுக்கு ஏதாவது கொடுத்துவிட்டு, அரை மணி நேரமாவது எதுவும் கேட்காமல் விடுங்கள். ஓடி ஆடினால் இன்னும் நல்லது. 5 முதல் 17 வயதுவரை தினமும் சராசரியாக ஒரு மணி நேரம் மூச்சு வாங்குமளவு உடல் அசைய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. அப்புறம் அவனோடு உட்கார்ந்து, இன்று என்ன வேலை, எதிலிருந்து ஆரம்பிக்கப் போகிறான் என்று அவன் வாயால் சொல்லச் சொல்லுங்கள். முதல் வரியை உங்கள் முன்னால் எழுதட்டும். "அடுத்த மூணு வரியை நீ எழுது, நான் துணி மடிச்சுட்டு வந்து பார்க்கறேன்" என்று சொல்லி எழுந்துவிடுங்கள். சொன்னபடி திரும்பி வாருங்கள், அது முக்கியம். அடுத்த வாரம் மூன்று வரி ஐந்து வரியாகட்டும். 20 நிமிடம் ஆனதும் நிறுத்துங்கள். மீதி இருந்தால் "20 நிமிடம் செய்தான், இவ்வளவு முடிந்தது" என்று டைரியில் நீங்களே ஒரு வரி எழுதி அனுப்புங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் இதை வரவேற்பார்கள். வரவேற்காதவரிடம் நேரில் போய் ஐந்து நிமிடம் பேசலாம்.

தப்பாக எழுதினால்? தப்பாகவே போகட்டும். எல்லா விடையும் சரியாக இருக்கும் நோட்டைப் பார்க்கும் ஆசிரியை, அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார். நீங்கள் திருத்தி அனுப்புவது அவர் பார்க்க வேண்டிய ஒன்றை மறைப்பது மாதிரி.

ஒரே ஒரு விஷயம் இதில் விதிவிலக்கு. நன்றாகத் தூங்கி, ஓய்வெடுத்து, விருப்பத்தோடு உட்கார்ந்தும் எழுத்துகளை இனம்காண முடியவில்லை, வாசிக்கும்போது வரி தவறுகிறது, வாயால் சரியாகச் சொல்வதை எழுத முடியவில்லை என்று மாதக்கணக்கில் தொடர்ந்தால் முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். அதில் ஒன்றும் இல்லையென்றால் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று முறையாக மதிப்பீடு செய்யச் சொல்லுங்கள். உங்கள் கடிதத்தில் அதற்கான அறிகுறி எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

இனி மகளின் நோட்டு.

குறித்த நேரத்தில் செய்ய வேண்டியதைக் குறித்த நேரத்தில் நினைவுக்குக் கொண்டுவருவது தனி வகை ஞாபகம். படித்ததை ஒப்பிப்பதைவிட இது வேறு. நாளைக்கு வரைபட நோட்டு வேண்டும் என்று இன்று தெரிந்திருப்பது போதாது, பையை மூடும் அந்த நொடியில் அது நினைவில் எழ வேண்டும். இந்தத் திறமை பள்ளிப்பருவம் முழுக்க மெல்ல மெல்ல வளர்வது. திட்டமிடவும் அடக்கிக்கொள்ளவும் உதவும் மூளையின் முன்பகுதி முதிர இருபது வயதைத் தாண்டி இன்னும் சில வருடங்கள் ஆகும். எனவே 11 வயதுப் பெண்ணுக்கு மறதி இருப்பது குறையே இல்லை. கேள்வி என்னவென்றால், அந்தத் திறமை வளர இடம் இருக்கிறதா? மறந்தால் அம்மா வருவாள் என்பது அவளுக்கு உறுதியாகத் தெரியும். அவளைப் பொறுத்தவரை மறதிக்கான ஏற்பாடு போன் எண் வடிவத்தில் தயாராக இருக்கிறது. அவள் இடத்தில் நானாக இருந்தாலும் நோட்டை ஞாபகம் வைத்துக்கொள்ள மெனக்கெட்டிருக்க மாட்டேன்.

இதை மாற்றுவதற்கு ஒரு அமைதியான நாள் வேண்டும். போன் வந்த அன்று, கோபத்தில், "இனிமே வர மாட்டேன், பட்டால்தான் புத்தி வரும்" என்று சொன்னால் அது தண்டனையாகிவிடும். விடுமுறை நாளில், இருவரும் நல்ல மனநிலையில் இருக்கும்போது உட்காருங்கள். "நீ பெரிய பொண்ணாயிட்டே. உன் பையை இனிமே நீயே பார்த்துக்கணும்னு நினைக்கறேன். அடுத்த திங்கள்கிழமையிலிருந்து நோட்டு மறந்தா நான் கொண்டுவர மாட்டேன். மறக்காம இருக்க என்ன பண்ணலாம், நீயே சொல்லு" என்று கேளுங்கள். அவள் சொல்லும் யோசனை உங்களுக்கு அசட்டுத்தனமாகத் தோன்றினாலும் அதையே முயன்று பாருங்கள். நான் பார்த்த ஒரு சிறுமி தன் பையின் ஜிப்பில் ஒரு வளையலை மாட்டிவைத்தாள். இரவில் பையைச் சரிபார்த்ததும் வளையலைக் கழற்றிக் கையில் போட்டுக்கொள்வாள். காலையில் கையில் வளையல் இருந்தால் பை தயார். அவள் அம்மா கதவில் ஒட்டிய மூன்று பட்டியல்கள் செய்யாததை அது செய்தது. பட்டியல் அம்மாவுடையது, வளையல் அவளுடையது.

முதல் வாரமே போன் வரும். அழுவாள். அப்போது குரலில் எகத்தாளம் இல்லாமல் "கஷ்டமாத்தான் இருக்கும்மா, டீச்சர்கிட்ட மறந்துட்டேன்னு சொல்லிடு, சாயங்காலம் பேசலாம்" என்று மட்டும் சொல்லுங்கள். சாயங்காலம் வந்ததும் "பார்த்தியா?" என்று ஆரம்பிக்காதீர்கள். மருந்து, கண்ணாடி, ஆண்டுத் தேர்வுக்கு வேண்டியது போன்றவை இந்த விதிக்குள் வராது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆசிரியர் கடுமையானவர், அவமானப்படுத்துவார் என்று தெரிந்தால் இந்த ஏற்பாட்டை அவரிடம் முதலிலேயே சொல்லிவைப்பது நல்லது. பாடம் கற்க ஒரு சின்ன அசௌகரியம் போதும், அவமானம் தேவையில்லை.

மகனுக்கு இந்த வயதில் அவ்வளவு கொடுக்க முடியாது. அவனுக்கு 'சீக்கிரம்' என்ற சொல்லை எடுத்துவிட்டு வேறு ஏதாவது கொடுக்க வேண்டும். ஏழு வயதுப் பிள்ளைக்கு 'இன்னும் 10 நிமிடம்' என்பது வெறும் சத்தம். எவ்வளவு நேரம் மிச்சம் என்று கண்ணால் பார்க்கும்படி ஒரு மணல் கடிகாரமோ முள் வைத்த கடிகாரமோ வேண்டும். அடுக்களையிலிருந்து "பல் தேய்ச்சு, டிரஸ் போட்டு, பையை எடுத்துட்டு வா" என்று கூவினால் முதலாவது மட்டும் போய்ச் சேரும், மற்ற இரண்டும் வழியில் விழுந்துவிடும். பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டு ஒரே ஒரு வேலை சொல்லுங்கள். அதிகமாக நடக்க வேண்டியிருக்கும், ஆனால் ஐந்து முறை கூவுவதைவிட நேரம் குறைவு. உடை, ஷூ, பை மூன்றும் முந்தைய இரவே ஒரே இடத்தில் வந்துவிட வேண்டும் என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

நட்சத்திர அட்டை பத்து நாளில் தோற்றதற்காக வருத்தப்படாதீர்கள். அது அப்படித்தான். ஸ்டான்ஃபோர்டில் மார்க் லெப்பரும் மற்ற இருவரும் 1973இல் வெளியிட்ட ஒரு சோதனை உண்டு. வண்ணப் பேனாவால் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள சின்னப் பிள்ளைகளில் ஒரு குழுவிடம், வரைந்தால் பரிசுச் சான்றிதழ் தருவதாகச் சொல்லி வரைய வைத்தார்கள். ஓரிரு வாரம் கழித்துப் பார்த்தபோது, பரிசு எதுவும் பெறாத பிள்ளைகளைவிட அவர்கள் பாதியளவு நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களிடம் அந்தச் சரிவு இல்லை. பல் தேய்ப்பது மாதிரி யாருக்கும் ஆசையில்லாத வேலையைப் பழக்கப்படுத்த நட்சத்திரம் சில வாரம் உதவும். படிப்பது, வரைவது, அக்காவும் தம்பியும் ஒருவருக்கொருவர் உதவுவது இதிலெல்லாம் ஒட்டவேண்டாம்.

கணவர் விஷயத்துக்கு வருகிறேன். இதைக் கடைசியில் வைத்ததால் சின்ன விஷயம் என்று எண்ணிவிடாதீர்கள்.

"சொல்லு, செய்றேன்" என்பது அன்பான வாக்கியம். அதில் ஒரு பொறி இருக்கிறது. அமெரிக்கச் சமூகவியலாளர் ஆலிசன் டாமிங்கர் 2019இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டை நடத்தும் மனவேலையை நான்காகப் பிரித்தார்: என்ன தேவைப்படும் என்று முன்கூட்டியே உணர்வது, அதற்கு என்ன வழிகள் என்று தேடுவது, முடிவெடுப்பது, நடந்ததா என்று கண்காணிப்பது. அவர் பேசிய தம்பதிகளில் முடிவெடுப்பது பெரும்பாலும் இருவர் பொறுப்பாகவே இருந்தது. முதலாவதும் கடைசியும் அதிகமாகப் பெண்கள் மேல் விழுந்தன. உங்கள் கணவர் செய்வதாகச் சொல்வது இந்த நான்கிலும் இல்லாத ஐந்தாவது, அதாவது கை வேலை. நான்கும் உங்களிடமே இருக்கும்போது கை வேலையைக் கொடுப்பதால் தலைச்சுமை இறங்காது. சில நாள் கூடும்.

எனவே வேலையைப் பிரிக்காதீர்கள், துறையைப் பிரியுங்கள். பள்ளியோடு தொடர்பான எல்லாமும் ஒரு துறை: டைரி, கையெழுத்து, கட்டணத் தேதி, பெற்றோர் கூட்டம், அந்த வாட்ஸ்அப் குழு, வேன் ஓட்டுநரின் போன். அதை முழுசாக அவரிடம் கொடுத்துவிடுங்கள். ஓட்டுநர் இனி அவரைத்தான் அழைக்க வேண்டும். பள்ளிக் குழுவிலிருந்து நீங்கள் வெளியேறிவிடுங்கள். (இதைச் சொன்னதும் பல அம்மாக்களுக்கு முகம் வெளிறிப்போகிறது. உள்ளேயே இருந்துகொண்டு 'பார்க்காமல் இருக்கிறேன்' என்பது யாராலும் முடியாத காரியம்.) அவரிடம் இப்படிச் சொல்லலாம்: "உங்க உதவி எனக்கு வேண்டாம். இந்த ஒரு விஷயத்தை நான் நினைக்கவே கூடாத நிலைமை வேணும்." ஒரு தேதியை அவர் தவறவிடுவார். நீங்களும் ஆரம்பத்தில் தவறவிட்டிருப்பீர்கள், பார்ப்பதற்கு யாரும் இல்லை, அவ்வளவுதான். அவர் தன் பாணியில் செய்வதைத் திருத்த உங்கள் கை துறுதுறுக்கும். அதைப் பொறுத்துக்கொள்வதுதான் உங்கள் பக்கத்து வீட்டுப்பாடம்.

பிள்ளைகளுக்கு இதில் ஒரு லாபம் உண்டு. பையைப் பற்றி அப்பா கேட்கும் வீட்டில், ஞாபகம் வைத்துக்கொள்வது பெண்களின் வேலை என்ற எண்ணம் மகளுக்கும் வராது, மகனுக்கும் வராது.

எல்லாவற்றையும் நாளைக்கே ஆரம்பித்துவிடாதீர்கள். முதல் மூன்று வாரம் தூக்கமும் வீட்டுப்பாட நேரமும் மட்டும். அவை இரண்டும் ஒன்றோடொன்று கட்டுண்டவை. பிறகு துறை மாற்றம். நோட்டு விஷயம் அதற்கப்புறம்.

இதற்கு நடுவில் கத்துவீர்கள். அதைப் பற்றி ஒரு வார்த்தை. எட்வர்ட் ட்ரோனிக் என்ற ஆய்வாளர் தாய்மார்களும் கைக்குழந்தைகளும் முகம் பார்த்துக் கொஞ்சுவதை நொடி நொடியாகப் படம்பிடித்துப் பார்த்தார். நல்ல உறவில் இருக்கும் தாயும் பிள்ளையும்கூடப் பாதிக்கும் குறைவான நேரமே ஒத்திசைந்து இருந்தார்கள். மற்ற நேரமெல்லாம் விலகுவதும் மறுபடி வந்து சேர்வதும்தான். உங்கள் பிள்ளைகள் கைக்குழந்தைகள் இல்லை. ஆனாலும் என் அனுபவத்தில் அந்த 'மறுபடி வந்து சேர்வது' வயது பார்ப்பதில்லை. நீங்கள் மன்னிப்புக் கேட்கிறீர்கள், அது அவன் காதில் விழவில்லை. தூங்கும் முகத்திடம் கேட்டுவிட்டீர்கள். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் காலையில் கேட்ட குரல்தான். அடுத்த முறை விழித்திருக்கும்போது, "காலையில ரொம்பக் கத்திட்டேன். பயந்துட்டியா? அது என் தப்பு" என்று சொல்லுங்கள். அத்தோடு நிறுத்துங்கள். "ஆனா நீ மட்டும் ஷூவை நேரத்துக்குப் போட்டிருந்தா" என்று ஒரு வால் சேர்ந்தால் அது மன்னிப்பு இல்லை, இரண்டாவது திட்டு.

கத்துவதைத் தாண்டி கை ஓங்குகிறது என்றாலோ, இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் ஆர்வமில்லை, தூக்கம் வரவில்லை, அழுகை நிற்கவில்லை என்றாலோ தள்ளிப்போடாமல் ஒரு மருத்துவரைப் பாருங்கள். அப்படி எதுவும் இல்லாவிட்டாலும், எப்போதும் களைப்பாக இருந்தால் ரத்தத்தில் ஹீமோகுளோபின், தைராய்டு இரண்டையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. எத்தனையோ 'கோபக்கார அம்மா'க்களுக்கு அங்கேயே பாதி விடை கிடைத்திருக்கிறது. பிள்ளைகளின் தூக்கத்தைக் கணக்குப் போட்டேன், உங்களுடையதைக் கேட்கவில்லை. அவர்கள் 10.30க்குப் படுத்தபின் நாளைய வேலையை எடுத்துவைத்துவிட்டு நீங்கள் எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள் என்பதைக் கடிதத்தில் எழுதவே இல்லை.

மகளை 5 மணிக்கு எழுப்பலாமா என்ற கேள்வி பாக்கி. வேண்டாம். பருவமடையும் வயதை ஒட்டி உடலின் கடிகாரம் தானாகவே பின்னோக்கி நகர ஆரம்பிக்கும். இரவில் தூக்கம் தாமதமாக வரும், காலையில் விழிப்பும் தாமதமாகும். 11 வயதில் அது தொடங்கியிருக்கலாம், இன்னும் ஓரிரு வருடத்தில் நிச்சயம் தெரியும். 5 மணிக்கு எழ வேண்டுமென்றால் முந்தைய இரவு 8 மணிக்கு அவள் தூங்கியிருக்க வேண்டும். உங்கள் வீட்டில் 8 மணிக்கு இப்போது என்ன நடக்கிறது என்று உங்களுக்குத்தான் தெரியும்.